விற்பவரை மாற்றலாம், மண்டலத்தை மாற்ற முடியாது: நார்டிக் மின்சந்தையும் வீட்டு நுகர்வோரும்

2023 நவம்பர் 23 அன்று, மறுநாளுக்கான மின்சார ஏலத்தில் நார்வேயைச் சேர்ந்த ஒரு மின்வணிக நிறுவனம் தவறான கணக்கைப் பதிவு செய்துவிட்டது. தன் கையில் இல்லாத 5,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட மின்சாரத்தைப் பின்லாந்தில் விற்பதாக அந்தப் பதிவு சொன்னது. ஏலத்தை நடத்தும் கணினிக்கு அது பொய் என்று தெரியாது. 24-ஆம் தேதி பின்லாந்தில் பல மணி நேரத்துக்கு ஒரு மெகாவாட்-மணியின் விலை மைனஸ் 500 யூரோ. அதாவது ஒரு யூனிட் செலவழித்தால் 50 சென்ட் நமக்குத் தருவார்கள். மணிக்கு மணி மாறும் சந்தை விலையில் மின்சாரம் வாங்கியவர்களில் சிலர் வீட்டு ஹீட்டரையும் சவுனா என்ற வெப்பக் குளியலறையையும் முழு வேகத்தில் போட்டார்கள். நிலையான விலைக்கு ஒப்பந்தம் போட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அது இன்னொரு வெள்ளிக்கிழமை, அவ்வளவுதான்.

ஆறு வாரம் கழித்து எல்லாம் தலைகீழானது. 2024 ஜனவரி 5, கடும் குளிர். அன்றைய சராசரி விலை யூனிட்டுக்கு 89 சென்ட். மாலை 7 மணி வாக்கில் அது 1 யூரோ 90 சென்ட்டைத் தொட்டது. மின்சாரத்தால் சூடாக்கப்படும் தனி வீடு ஒன்று அப்படிப்பட்ட நாளில் 80 யூனிட் இழுப்பது பெரிய விஷயமில்லை. சராசரி விலையில் கணக்குப் போட்டால் ஒரே நாளில் 71 யூரோ. வரியும் கம்பிக் கட்டணமும் தனி.

இந்த இரண்டு நாளிலும் ஒரு குடும்பம் எந்த நிறுவனத்திடம் மின்சாரம் வாங்கியது என்பதால் பெரிய வித்தியாசம் வந்துவிடவில்லை. எந்த வகை ஒப்பந்தம், எந்த விலை மண்டலம் (சந்தையில் மின்சாரத்துக்குத் தனி விலை உருவாகும் பகுதி), எந்த மணி நேரம் என்ற மூன்றும்தான் பில்லை முடிவு செய்தன. ஆனால் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் ஆகிய நான்கு நாடுகளும் மின்சந்தையைத் திறந்துவிட்ட நாளிலிருந்து மக்களுக்கு விடாமல் சொல்லிவந்த பாடம் வேறு: 'விற்பனை நிறுவனங்களை ஒப்பிடுங்கள், மலிவானதற்கு மாறுங்கள்.' அந்தப் பாடம் பொய்யில்லை, அரைப் பாடம். மீதிப் பாதியை மக்கள், மின்விலை எகிறிய 2021-22 நெருக்கடியில் தங்கள் கைக்காசைக் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

இந்த நாடுகள் மின்சாரத்தில் கைகோத்தது சந்தைக்காக இல்லை, தண்ணீருக்காக. நார்வேயின் மின்சாரத்தில் பெரும்பகுதி அணை நீரிலிருந்து வருகிறது. ஸ்வீடனில் நீரும் அணுசக்தியும் காற்றும், டென்மார்க்கில் முன்பு நிலக்கரி, இப்போது பெரும்பாலும் காற்று. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் நார்வேயின் உபரி தெற்கே போகும். வறண்ட ஆண்டில் டென்மார்க்கின் அனல்மின் நிலையங்கள் வடக்கே கைகொடுக்கும். இதற்காகவே 1963-இல் நார்டெல் என்ற கூட்டமைப்பு உருவானது. 1976-77-இல் நார்வேக்கும் டென்மார்க்குக்கும் நடுவே ஸ்காகெராக் கடலடிக் கேபிள்கள் போடப்பட்டன. அப்போது இது பொறியாளர்களின் ஒத்துழைப்பு. வீட்டுக்காரருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நிலைமையை மாற்றியது நார்வேயின் 1990 எரிசக்திச் சட்டம். 1991 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், கம்பியையும் விற்பனையையும் இரண்டாகப் பிரித்தது. கம்பி அந்தந்த ஊரின் வினியோக நிறுவனத்திடமே ஏகபோகமாக இருக்கும். அதில் ஓடும் மின்சாரத்தை யார் வேண்டுமானாலும் விற்கலாம். 1996-இல் ஸ்வீடனும் சந்தையைத் திறந்து நார்வேயுடன் ஒரே மின்சாரச் சந்தையில் சேர்ந்தது. நார்ட் பூல் என்ற அந்தச் சந்தைதான் உலகில் பல நாடுகள் சேர்ந்து நடத்திய முதல் மின்சாரச் சந்தை. 1998-இல் பின்லாந்தும், 2000-க்குள் டென்மார்க்கின் இரு பகுதிகளும் சேர்ந்தன.

வீட்டு நுகர்வோருக்குக் கதவு திறக்க இன்னும் நாளானது. மீட்டர்தான் காரணம். விற்பவர் மாறினால் யார் எந்த மணிக்கு எவ்வளவு செலவழித்தார் என்று கணக்கு வேண்டும். பழைய சுழல் மீட்டருக்கு அது தெரியாது. அதனால் ஸ்வீடனில் விற்பனை நிறுவனத்தை மாற்ற விரும்பிய வீட்டுக்காரர் முதலில் மணிக்கணக்கு மீட்டர் பொருத்த வேண்டியிருந்தது. அதற்கு 2,500 குரோனர் வரை வசூலிக்கலாம் என்று 1997-இல் உச்சவரம்பு வைத்தார்கள். மாறினால் மிச்சமாவது சில நூறு குரோனர் என்றால் யார் மாறுவார்கள்? 1999 நவம்பரில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, 'சராசரி வீடு இப்படித்தான் செலவழிக்கும்' என்ற மாதிரிக் கணக்கைக் கொண்டுவந்த பிறகுதான் மக்கள் நகர ஆரம்பித்தார்கள். நார்வேயிலும் மாறுவதற்கான கட்டணத்தைக் குறைத்து, பிறகு ஒழித்த பின்னர்தான் சந்தை சூடுபிடித்தது. பின்லாந்து 1998-இலும் டென்மார்க் 2003-இலும் சிறு நுகர்வோருக்குத் திறந்தன.

அப்போது பரப்பப்பட்ட விவரங்கள் அடிப்படையானவை, ரொம்ப அவசியமானவையும்கூட. விற்பவரை மாற்றினால் கம்பி மாறாது, மீட்டர் மாறாது, ஒரு நிமிடம்கூட மின்சாரம் நிற்காது. புது நிறுவனம் திவாலானால் வீடு இருட்டாகிவிடாது. தெரியாத ஒன்றைக் கண்டு மக்கள் தயங்குவது இயல்பு, அந்தத் தயக்கத்தைப் போக்கியதில் நான்கு நாட்டு ஆணையங்களுக்கும் நல்ல பெயர் உண்டு. அடுத்து வந்தவை பொது விலை ஒப்பீட்டுத் தளங்கள். ஸ்வீடனில் எல்பிரீஸ்கோலன், பின்லாந்தில் சாஹ்கோன்ஹின்டா, டென்மார்க்கில் எல்பிரீஸ் என்று மூன்றையும் அந்தந்த நாட்டு எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையங்கள் நடத்துகின்றன. நார்வேயின் ஸ்ட்ரோம்பிரீஸ் தளம் அரசின் நுகர்வோர் மன்றத்திடம் இருக்கிறது. எல்லாம் இலவசம், விளம்பரம் இல்லை. எதையும் விற்காதவர் நடத்தும் தளம் என்பதுதான் இவற்றின் பலம். தரகுப் பணம் வாங்கும் தனியார் ஒப்பீட்டுத் தளங்களில் யார் மேலே வருவார் என்பதைத் தரகு தீர்மானிக்கலாம், இங்கே அப்படிக் கிடையாது. நுகர்வோருக்குக் கட்டணமில்லாத, நடுநிலையான ஒப்பீட்டுக் கருவி ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் நெறிமுறையே போட்டது.

சரி, இந்தத் தளங்களில் எதை ஒப்பிடுகிறோம்? அங்கேதான் சிக்கல். நார்டிக் நாடுகளில் ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, சந்தை விலையோடு நகரும் ஒப்பந்தம். விற்பவர் சந்தை விலையை அப்படியே உங்களிடம் தள்ளிவிட்டு, யூனிட்டுக்குச் சில காசு மேல்கட்டணமும் மாத வாடகையும் வாங்குவார். இரண்டு, ஓர் ஆண்டு, மூன்று ஆண்டு என்று பூட்டிய நிலையான விலை. மூன்றாவது, நிறுவனமே விலையை வைத்து, முன்னறிவிப்புக் கொடுத்து ஏற்றி இறக்கும் ஒப்பந்தம். இதுதான் புரிந்துகொள்ளக் கடினமானது, விலையேற்றக் காலத்தில் அதிகம் சுட்டதும் இதுதான். இவை தவிர ஸ்வீடனில், எந்த ஒப்பந்தமும் போடாமல் வீடு மாறுபவரை வினியோக நிறுவனம் தானாக ஒரு விற்பனையாளரிடம் சேர்த்துவிடும். அந்த விலை பொதுவாக அதிகம். சோம்பலுக்கு அங்கே விலை உண்டு.

நார்வேயில் ஆண்டுக்கு 16,000 யூனிட் என்பது ஒரு வீட்டுக்குச் சாதாரணம். சந்தை விலை ஒப்பந்தத்தில் இரு நிறுவனங்களுக்கு நடுவே யூனிட்டுக்கு 5 ஓரே வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம் (100 ஓரே ஒரு குரோனர்). மாறினால் ஆண்டுக்கு 800 குரோனர் மிச்சம். நல்லது, விடக் கூடாது. ஆனால் சந்தையின் சராசரி விலை ஒரு குரோனர் ஏறினால் அதே வீட்டுக்குக் கூடும் செலவு 16,000 குரோனர். எந்த விற்பனையாளருக்கு மாறியும் அதிலிருந்து தப்ப முடியாது, ஏனென்றால் எல்லோரும் ஒரே சந்தையில்தான் வாங்குகிறார்கள். போட்டி வேலை செய்வது அந்த 5 ஓரேக்குள். மீதியெல்லாம் மண்டலத்தின் கையில்.

அந்த மண்டலம் எப்படி விலை வைக்கிறது? ஒவ்வொரு நாளும் மதியம் 12 மணிக்குள் உற்பத்தியாளர்களும் வாங்குபவர்களும் மறுநாளின் ஒவ்வொரு மணிக்கும் (2025 அக்டோபர் முதல் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும்) எவ்வளவு, என்ன விலைக்கு என்று பதிவு செய்கிறார்கள். மலிவான மின்சாரம் முதலில் எடுக்கப்படும். தேவை நிறையும் இடத்தில் கடைசியாக எடுக்கப்பட்ட மின்சாரத்தின் விலைதான் அந்த நேரத்துக்கு எல்லோருக்குமான விலை. 1,000 மெகாவாட் தேவையில் 950 காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்து, கடைசி 50 எரிவாயு நிலையத்திலிருந்து வந்தால், எரிவாயுவின் விலையே முழு ஆயிரத்துக்கும். அணை நீரையும் சும்மா கிடைப்பதாக யாரும் விற்பதில்லை. இன்று விடும் நீரைக் குளிர்காலத்தில் விட்டால் என்ன கிடைக்கும் என்று பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். ஜெர்மனியில் எரிவாயு விலை ஏறியபோது நார்வேயின் பெர்கனில் நீர்மின்சாரம் ஏன் விலை ஏறியது என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

ஒரே சந்தை என்றாலும் ஒரே விலை கிடையாது. கம்பியின் கொள்ளளவு நிறைந்துவிட்டால் அதற்கு அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் வேறு விலை. நார்வே ஐந்து மண்டலம். ஸ்வீடன் பல ஆண்டுகள் ஒரே மண்டலமாகத்தான் இருந்தது. நாட்டுக்குள் கம்பி நிறைந்தபோது டென்மார்க்குக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்து உள்நாட்டு விலையைச் சமமாக வைத்திருந்தார்கள். டென்மார்க் தரப்பு புகார் செய்தது, ஐரோப்பிய ஆணையம் போட்டிச் சட்டத்தின் கீழ் விசாரித்தது. 2011 நவம்பர் 1 முதல் ஸ்வீடன் லூலியோ, சுன்ட்ஸ்வால், ஸ்டாக்ஹோம், மால்மோ என நான்கு மண்டலமானது. பக்கத்து நாட்டுடனான ஒத்துழைப்பு நேர்மையாக நடக்க வேண்டுமென்றால் இது தேவைதான். ஆனால் மால்மோவில் இருப்பவருக்குத் தெரிந்ததெல்லாம், நேற்றுவரை ஸ்டாக்ஹோமுக்கும் தனக்கும் ஒரே விலை, இன்று தனக்கு மட்டும் அதிகம் என்பதே.

2022 ஆகஸ்ட்டில் இந்தப் பிளவு நார்வேயில் உச்சத்துக்குப் போனது. ஐரோப்பாவோடு கேபிளால் இணைந்த தெற்கு நார்வேயில் விலை, வடக்கே திரோம்சோ மண்டலத்தைப் போலப் பல பத்து மடங்கு. 1980-களில் நார்வே வந்த ஈழத்தமிழர்களில் பலர் முதலில் வடகோடி பின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை பார்த்து, பிறகு ஆஸ்லோ பக்கம் குடிபெயர்ந்தவர்கள். வடக்கில் தங்கிவிட்ட உறவினரின் பில்லையும் தங்கள் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, விலை மண்டலம் என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. வடக்கில் வீட்டு மின்சாரத்துக்கு மதிப்புக்கூட்டு வரியும் கிடையாது. தெற்கில் 25 சதவீதம்.

இந்த விலை வேறுபாட்டிலிருந்து ஒரு பெரிய பணம் பிறக்கிறது, நுகர்வோர் கல்வியில் மிகக் குறைவாகப் பேசப்படுவது அதுதான். ஒரு மண்டலத்தில் மெகாவாட்-மணி 20 யூரோ, அடுத்த மண்டலத்தில் 120 யூரோ, நடுவே 1,000 மெகாவாட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் விற்றவருக்கு 20, அந்தப் பக்கம் வாங்கியவர் கொடுத்தது 120. நடுவில் நிற்கும் 100 யூரோ, மணிக்கு 1,00,000 யூரோ, கம்பியை நடத்தும் தேசிய மின்தொடரமைப்பு நிறுவனத்துக்குப் போகிறது. நெரிசல் வருமானம் என்று இதைச் சொல்கிறார்கள். கம்பியைப் பலப்படுத்தவோ கம்பிக் கட்டணத்தைக் குறைக்கவோ இது செலவாக வேண்டும் என்பது விதி. நெருக்கடியில் ஸ்வீடன் இதிலிருந்தே மக்களுக்குப் பணம் கொடுத்தது. ஸ்டாக்ஹோம் மண்டல வீடுகளுக்கு முந்தைய ஆண்டின் பயன்பாட்டில் யூனிட்டுக்கு 50 ஓரே, மால்மோ மண்டலத்துக்கு 79 ஓரே. பலர் அதை அரசின் தாராளம் என்று நினைத்தார்கள். அது அவர்கள் தங்கள் பில்லில் ஏற்கெனவே கட்டியிருந்த பணம். இது தெரிந்திருந்தால், புதுக் கம்பி போடுவது ஏன் தாமதமாகிறது, இந்தப் பணம் எங்கே போகிறது என்று நுகர்வோர் கேட்டிருக்க முடியும்.

பில் புரியாததும் ஒரு தடை. நார்வேயின் பில்லில் மூன்று பகுதி: மின்சாரம், கம்பி வாடகை, வரி. விற்பவரை மாற்றினால் முதல் பகுதியில் மட்டுமே கை வைக்க முடியும். 2022 ஜூலை முதல் கம்பி வாடகையும் மாறியது. மாதத்தில் வெவ்வேறு மூன்று நாட்களில் மிக அதிகமாக இழுத்த மூன்று மணி நேரத்தின் சராசரியை வைத்து ஒரு படிநிலைக் கட்டணம். மின்காரைச் சார்ஜில் போட்டு, அதே நேரம் அடுப்பும் சுடுநீர்த் தொட்டியும் ஓடும் நாட்கள் சில இருந்தால், அந்த மாதக் கட்டணம் ஒரு படி மேலே போய்விடலாம். இவற்றை வெவ்வேறு நேரத்தில் ஓட்டினால் வரும் மிச்சத்தை எந்த ஒப்பீட்டுத் தளத்திலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

நான்கு நாடுகளும் சேர்ந்து இதைச் சரிசெய்ய முயலாமல் இல்லை. ஒழுங்குமுறை ஆணையங்களின் கூட்டமைப்பான நார்ட்ரெக் 2002-இல் தொடங்கியது. மொத்தச் சந்தையைப் போலவே சில்லறைச் சந்தையும் நாடு கடந்து ஒன்றாக வேண்டும், 2015 வாக்கில் ஒரு ஸ்வீடன் குடும்பம் டென்மார்க் நிறுவனத்திடம் எளிதாக வாங்கும் நிலை வர வேண்டும் என்று திட்டமிட்டார்கள். அது நடக்கவில்லை. டென்மார்க் 2016-இல் விற்பனையாளரே ஒரே பில் கொடுக்கும் முறைக்குப் போனது. மற்ற நாடுகள் வேறு வேறு வழியில் போயின. மீட்டர்த் தகவல் மையத்தை நார்வே 2019-இலும் பின்லாந்து 2022-இலும் தங்கள் தங்கள் வசதிப்படி கட்டின, ஸ்வீடனின் திட்டம் நின்றுபோனது. பாலத்தைக் கடந்தால் கோபன்ஹேகன் என்ற தூரத்தில் மால்மோ இருக்கிறது, இரு ஊருக்கும் நடுவே மின்சாரம் கேபிளில் போய்வருகிறது, ஆனால் சில்லறை ஒப்பந்தம் எல்லையைத் தாண்டுவதில்லை. விலை பிராந்தியத்தில் உருவாகிறது, விளக்கம் மட்டும் நாட்டுக்குள் நின்றுவிடுகிறது. ஸ்வீடன் தளம் ஸ்வீடன் ஒப்பந்தங்களைக் காட்டும். கடலுக்கு அப்பால் காற்று ஓய்ந்ததால் நாளை மாலை விலை ஏறப்போகிறது என்று அதில் ஒரு வரி இருக்காது. பொதுச் சந்தைக்குப் பொது விளக்கம் ஒன்றை நார்ட்ரெக் போன்ற அமைப்பு நான்கு மொழிகளிலும் வெளியிடுவது பெரிய செலவில்லை என்று நினைக்கிறேன். சில்லறைச் சந்தையை இணைப்பதைவிட அது எவ்வளவோ எளிது.

புரியாத விலைக்கு மக்கள் எப்படி எதிர்வினை காட்டுவார்கள் என்பதற்கு நார்வேயே சான்று. 2021 டிசம்பரில் அரசு உதவித் திட்டம் தொடங்கியது. சந்தை விலை யூனிட்டுக்கு 70 ஓரேயைத் தாண்டினால் மீறும் தொகையில் ஒரு பங்கை அப்போது அரசு ஏற்றது. அந்தப் பங்கு பிறகு 90 சதவீதமானது. ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் 2021-இல் ஓடத் தொடங்கிய கேபிள்கள் மீது கோபம் திரண்டது. 2025 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் எரிசக்தி நெறிமுறைகளை ஏற்பது தொடர்பான சண்டையில் மையக் கட்சி கூட்டணி அரசிலிருந்தே வெளியேறியது. அப்புறம் 2025 அக்டோபர் 1 முதல் 'நோர்கெஸ்பிரீஸ்' வந்தது. விரும்பும் வீடுகளுக்கு வரியில்லாமல் 40 ஓரே, வரியோடு 50 ஓரே என்ற நிலையான விலை. மாதம் 5,000 யூனிட் வரை செல்லும், எடுத்தால் 2026 இறுதி வரை மாற முடியாது.

தெற்கு நார்வே குடும்பம் அதை எடுப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. மூன்று குளிர்காலம் பயந்து பயந்து ஹீட்டர் போட்டவர்களுக்கு நிம்மதிக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதை எடுப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் திட்டம் விற்பனை நிறுவனத்துடனான ஒப்பந்தத்துக்குப் பதிலாக வருவதில்லை. சந்தை விலை ஒப்பந்தம் அப்படியே தொடரும். சந்தை விலைக்கும் 50 ஓரேக்கும் உள்ள வித்தியாசத்தை வினியோக நிறுவனம் தன் பில்லில் கழிக்கும் அல்லது கூட்டும். விற்பவரின் மேல்கட்டணமும் மாத வாடகையும் அந்த 50 ஓரேக்குள் அடங்காது, தனியாகக் கட்ட வேண்டும். தொடக்கச் சில மாதங்களுக்கு மட்டும் மேல்கட்டணத்தைக் குறைத்துக் காட்டிப் பிறகு ஏற்றும் ஒப்பந்தங்கள் இன்னும் விற்பனையில் உள்ளன. நோர்கெஸ்பிரீஸ் எடுத்தவரும் ஸ்ட்ரோம்பிரீஸ் தளத்துக்குப் போய், சலுகைக் காலம் முடிந்த பிறகு தன் ஒப்பந்தத்தின் மேல்கட்டணம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.